சேலத்துப் பிள்ளை ஓபரா பாட ஆசைப்பட்டால்: முழுமையான வழிகாட்டி

போன சித்திரையில் ஒரு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஃபேர்லேண்ட்ஸில் நான் பியானோவும் நொட்டேஷனும் சொல்லித்தரும் மாடி அறையில், ஃபேன் முழு வேகத்தில் சுற்றியும் மூன்று பேருக்கும் வேர்த்துக்கொண்டிருந்தது. "சாருங்க, பாப்பா யூடியூப்ல பாத்தே இந்த ஓபரா பாட்டெல்லாம் அப்படியே பாடுதுங்க. எந்தக் காலேஜ்ல சேத்தறதுங்க?" என்றார். பாப்பாவுக்கு வயது 14. பாடச் சொன்னேன். எடுத்தவுடன் மொசார்ட்டின் 'மேஜிக் ஃப்ளூட்'டில் வரும் இரவு ராணியின் பாட்டு! 1791இல் வியன்னாவில் அரங்கேறிய அந்த ஓபராவில், சோப்ரானோ எனப்படும் உச்ச ஸ்தாயிப் பாடகிகளில் தேர்ந்தவர்களே சாமி கும்பிட்டுவிட்டுத் தொடும் இடம் அது. உச்ச ஸ்வரத்தை இவள் தொட்டும்விட்டாள். ஆனால் கழுத்து நரம்பு புடைத்திருந்தது, தாடை வெடவெடத்தது.

அன்றைக்கு அரை மணி நேரத்தில் சொல்லி முடிக்க முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் ஓபரா பாடகன் கிடையாது. பாடுகிற பிள்ளைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து பியானோ வாசிக்கிறவன். அதனாலேயே அவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பது பக்கத்திலிருந்து தெரிகிறது. பெரும்பாலும் ஊர் சின்னது என்பதால் யாரும் சறுக்குவதில்லை, அவசரத்தால்தான்.

இது என்ன மாதிரிக் குரல்?

ஓபரா என்பது மேடையில் பாடி நடிக்கும் மேற்கத்திய இசை நாடகம். அதில் மைக் இல்லை. மேடைக்குக் கீழே ஐம்பது, அறுபது பேர் வாசிக்கிறார்கள். அதைத் தாண்டிக் கடைசி வரிசைக்குக் குரல் போய்ச் சேர வேண்டும். கத்தினால் போகாது. ஆர்கெஸ்ட்ராவின் ஒலி ஆற்றல் பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸ் அருகே குவிந்திருக்கிறது, மேலே போகப்போக மெலிகிறது. பயிற்சி பெற்ற பாடகர், குறிப்பாக ஆண் குரல்காரர், தொண்டைக் குழாயின் வடிவத்தை மாற்றி 3000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு கூர்மையை உண்டாக்கிக்கொள்கிறார். வாத்தியங்கள் மெலிந்து கிடக்கும் அந்த இடைவெளி வழியாகக் குரல் வெளியேறிவிடுகிறது. ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெர்க் 1970களில் இதை அளந்து விளக்கினார். சோப்ரானோக்கள் உச்சத்தில் வேறு வழியைக் கையாள்கிறார்கள். வாயை அகலத் திறந்து, குழாயின் ஒலிப்பை ஸ்வரத்தோடு சேர்த்துவிடுகிறார்கள்.

உங்கள் பிள்ளையின் குரல் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். ஆடி மாதம் நம்மூர் கல்யாண மண்டபங்கள் காலியாகக் கிடக்கும். வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு, பிள்ளையை மணமேடையில் நிறுத்தி, நீங்கள் சாப்பாட்டுக் கூடத்து வாசல் பக்கம் போய் நின்று கேளுங்கள். சாதாரணமாகப் பாடும்போது வார்த்தை புரிகிறதா? புரிந்தால் நல்ல ஆரம்பம். புரியவில்லை என்றாலும் 14 வயதில் அது ஒரு குறையே இல்லை.

முதல் படி: 10 முதல் 14 வரை காது, விசைப்பலகை, கூட்டுப்பாடல்

இந்த வயதில் தனிப்பாடல் பயிற்சி அவ்வளவு அவசியமில்லை. பியானோவைத் தொடங்கிவிடுங்கள். நோட்டைப் பார்த்து வாசிக்கத் தெரியாத பாடகர், பின்னாளில் ஒவ்வொரு வேடத்தையும் பிறர் வாசிக்கக் கேட்டுத்தான் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும். ஒரு ஓபரா மூன்று மணி நேரம் ஓடும். அது நடக்கிற காரியமா?

கூட்டுப்பாடலுக்கு நம்மூரில் தேவாலயக் குழுக்கள்தான் கதி. நான்கு ரோடு பக்கமும் ஏற்காட்டிலும் நான்கு பாகமாகப் பிரிந்து பாடும் குழுக்களைக் கேட்டிருக்கிறேன். பக்கத்தில் நிற்பவர் வேறு ஸ்வரம் பாடும்போது தன் ஸ்வரத்தை விடாமல் பிடித்திருப்பது வேறெங்கும் வாய்க்காத பயிற்சி. எந்த மதத்துப் பிள்ளையானாலும் கேட்டால் சேர்த்துக்கொள்வார்கள்.

"கர்நாடக சங்கீதம் கத்துக்கிட்டிருக்கா, நிறுத்தணுமா?" என்று கேட்பார்கள். நிறுத்த வேண்டாம். சுருதி சுத்தமும் தாளக்கட்டும் ஞாபகசக்தியும் அங்கிருந்து தயாராக வந்துவிடும். சங்கராபரணம் தெரிந்தவளுக்கு மேஜர் ஸ்கேலைத் தனியாக விளக்க வேண்டியதில்லை, கீரவாணி தெரிந்தால் ஹார்மோனிக் மைனரும் ஆயிற்று. இடிக்கிற இடம் ஒன்று உண்டு. "எனக்கு அஞ்சு கட்டை" என்று சொல்லிப் பழகியவளுக்கு ஓபராவில் கட்டை என்ற பேச்சே கிடையாது. இசையமைப்பாளர் எழுதிய சுருதியில்தான் பாடியாக வேண்டும். எட்டவில்லை என்றால் அந்த வேடம் உங்களுடையது இல்லை, அவ்வளவுதான். அதனால் இரண்டையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் பாட விடாதீர்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

பையன்களுக்குக் குரல் உடையும் காலத்தில் மென்மையாக, வசதியான ஸ்வரங்களில் மட்டும் பாடட்டும். டெனாரா (உயர்ந்த ஆண் குரல்) பாரிட்டோனா (நடுத்தர ஆண் குரல்) என்று அப்போதே முத்திரை குத்த வேண்டாம்.

இரண்டாம் படி: ஆசிரியர்

சேலத்தில் மேற்கத்திய செவ்வியல் குரலுக்கென்றே ஆசிரியரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிடுகிறேன், சென்னைக்குப் போய்வர வேண்டியிருக்கும். ஏற்காடு எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் விடிவதற்குள் சென்னை. மாதம் இரண்டு சனிக்கிழமை நேரில், நடுவில் ஆன்லைன் என்று வைத்துக்கொண்டால் தாங்கும். ஆன்லைனில் மட்டும் கற்பது போதாது. குரலின் மேற்பகுதி ஒலிகளை இணையம் வெட்டிவிடும். ஆசிரியர் பியானோ வாசிக்க நீங்கள் கூடவே பாட முடியாது, ஒலி தாமதமாகத்தான் வந்து சேரும்.

ஏ.ஆர். ரஹ்மான் 2008இல் தொடங்கிய கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரி சென்னையில் இருக்கிறது, மேற்கத்திய குரலிசை அங்கே பாடம். 1842இலிருந்து அண்ணா சாலையில் இருக்கும் மியூசி மியூசிக்கலில் நோட்டுப் புத்தகங்களும் தேர்வு விவரங்களும் கிடைக்கும். மும்பையில் பிறந்து லண்டனில் புகழ்பெற்ற சோப்ரானோ பட்ரீசியா ரொசாரியோ, 'கிவிங் வாய்ஸ் டு இந்தியா' என்ற பெயரில் இந்தியாவுக்கு வந்து இளம் பாடகர்களுக்குப் பயிற்சி அளித்து வந்திருக்கிறார். இப்படிப்பட்ட பட்டறை எங்கே நடந்தாலும் பார்வையாளராகவாவது போய் உட்காருங்கள். மற்றவர் திருத்தப்படுவதைப் பார்ப்பதே பாதிப் பாடம்.

நல்ல ஆசிரியரை எப்படி அடையாளம் காண்பது? முதல் வருடம் முழுக்கச் சின்னச் சின்ன இத்தாலியப் பாட்டுகளையே கொடுத்து உங்களைச் சலிக்க வைப்பார். வகுப்பு முடிந்து வரும்போது தொண்டை வலித்தால், இரண்டு முறை பொறுங்கள். மூன்றாம் முறை ஆளை மாற்றிவிடுங்கள்.

என் தவறையும் சொல்கிறேன். 16 வயது மாணவி ஒருத்திக்குப் பள்ளி ஆண்டுவிழாவில் இத்தாலிய இசையமைப்பாளர் புச்சீனியின் கனமான ஆரியா (ஓபராவில் வரும் தனிப்பாடல்) ஒன்றைப் பாட வாய்ப்பு வந்தது. மைக் இருக்கிறதே, என்ன ஆகிவிடும் என்று நானும் தலையாட்டினேன். பத்து நாள் ஒத்திகை. தினமும் மூன்று மணி நேரம், ஏசி ஹாலுக்கும் வெயிலுக்குமாக அலைச்சல். விழாவுக்கு மறுநாள் அவளுக்குப் பேச்சே வரவில்லை. தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்த மருத்துவர், இரண்டு குரல் நாண்களிலும் எதிரெதிரே சின்னப் புடைப்பு என்றார். மூன்று மாதம் பாடக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. சரியாகிவிட்டாள். இன்றும் பாடுகிறாள். ஆனால் அந்த மூன்று மாதம் அவளுடைய அப்பா என்னைப் பார்த்த பார்வை எனக்கு மறக்கவில்லை.

மென்மையான குரல் நிலைப்படவே இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். கனமான குரல்கள் முப்பதைத் தாண்டித்தான் முதிரும். வாக்னர், புச்சீனி எல்லாம் எங்கும் ஓடிப்போய்விடாது.

மூன்றாம் படி: தினசரிப் பயிற்சி

பதின்ம வயதில் ஒரு நாளைக்கு மொத்தம் ஒரு மணி நேரம் பாடினால் போதும். அதையும் இருபது இருபது நிமிடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மீதி நேரத்தில் வாயைத் திறக்காமல் நோட்டைப் படிப்பது, வரிகளின் பொருள் பார்ப்பது, பியானோவில் மெட்டை வாசிப்பது.

குரலை எழுப்ப எனக்குப் பிடித்த கருவி இளநீர்க்கடை ஸ்ட்ரா. பாட்டிலில் பாதித் தண்ணீர் வைத்து, ஸ்ட்ராவின் நுனி இரண்டு விரல்கடை ஆழத்தில் இருக்குமாறு பிடித்து, 'ஊ' என்று ஒலித்துக்கொண்டே ஊதுங்கள். கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டு போங்கள். குமிழி ஒரே சீராக வர வேண்டும். குமிழி தடைப்படும் ஸ்வரத்தில் மூச்சும் தடைப்படுகிறது என்று பொருள். ஸ்ட்ராவுக்குள் உண்டாகும் எதிரழுத்தம் குரல் நாண்களை மெல்லத் தாங்கிக்கொள்வதால், மோதல் குறைந்து அவை சுலபமாக அதிரும். ஐந்து நிமிடம் போதும். குளிர் மாதங்களில் ஏற்காட்டுப் பிள்ளைகள் காலை மூடுபனியில் எழுந்தவுடன் பாடக் கூடாது. இதைச் செய்துவிட்டு, வெந்நீர் குடித்துவிட்டு, அப்புறம் தொடங்கட்டும்.

ராத்திரி பத்து மணிக்குத் தட்டுவடை செட்டும் பரோட்டாவும் சாப்பிட்டுப் படுப்பதுதான் சேலத்துப் பாடகரின் பெரிய எதிரி. வயிற்று அமிலம் மேலேறிக் குரல் நாண்களை அரிக்கும், காலையில் குரல் கரகரக்கும். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் விடுங்கள்.

நான்காம் படி: மொழிகள்

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இங்கேதான் பெரிய அனுகூலமும் இருக்கிறது, பெரிய பள்ளமும் இருக்கிறது. இத்தாலியன், ஜெர்மன், பிரெஞ்சு மூன்றும் உச்சரிப்பு அளவிலாவது தெரியாமல் எந்தக் கன்சர்வேட்டரியிலும், அதாவது இசைக் கல்லூரியிலும், நுழைய முடியாது.

முதலில் அனுகூலம். ஒற்றெழுத்தை இரட்டிப்பது நமக்கு ரத்தத்தில் ஊறியது. 'படு'வுக்கும் 'பட்டு'வுக்கும் வித்தியாசம் தெரிந்தவனுக்கு இத்தாலியன் பாதி வந்த மாதிரி. இத்தாலியனில் 'நோனோ' என்றால் ஒன்பதாவது, 'நொன்னோ' என்றால் தாத்தா. நான் வகுப்பில் சொல்லும் வேடிக்கை: 'பேனா' என்றால் அவர்களுக்கு வேதனை, 'பென்னா' என்றால்தான் எழுதுகிற பேனா. ஆங்கிலம் மட்டும் பேசி வளர்ந்தவர்கள் மாதக்கணக்கில் திணறுவதை நம் பிள்ளைகள் ஒரே வாரத்தில் பிடித்துவிடுகிறார்கள். அதோடு இத்தாலியனின் 't' நம்முடைய த் போலப் பல்லில் பட்டு வருவது. ட் போட்டால் இங்கிலீஷ்காரன் பாடுகிற மாதிரி இருக்கும்.

இனி பள்ளம். வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடாதீர்கள். நண்பன் என்ற பொருளுள்ள இத்தாலியச் சொல்லை 'அமிகோ' என்று எழுதினால், இரண்டு உயிருக்கு நடுவே வரும் க நம் வாயில் தானாகக் குழைந்துவிடும், 'பகல்' என்பதில் குழைவதைப் போல. இத்தாலியனில் அது 'பக்கம்' என்பதன் க்க மாதிரிக் கறாராக ஒலிக்க வேண்டும், ஆனால் இரட்டிக்கவும் கூடாது. அன்புக்குரியவன் என்ற பொருளுள்ள 'அமாதோ'வில் வரும் த-வுக்கும் இதே சிக்கல். ஒரு மாணவனுக்கு இந்த ஒரு எழுத்துக்காக நாற்பது நிமிடம் செலவழித்தேன். கடைசியில் ரகசியம் சொல்வதுபோல அந்த வார்த்தையைக் கிசுகிசுக்கச் சொன்னபோதுதான் சரியாக விழுந்தது. கிசுகிசுக்கும்போது குழைய இடமில்லை.

இரண்டாவது பள்ளம், வார்த்தை மெய்யெழுத்தில் முடிந்தால் ஒரு உகரத்தை ஒட்டிவிடும் பழக்கம். பஸ்ஸு, காரு, நோட்டு. இத்தாலியப் பாட்டில் 'பென்' என்று முடிய வேண்டிய அடி 'பென்னு' ஆகிவிடும். ஜெர்மனில் இன்னும் மோசம், அங்கே பல சொற்கள் இரண்டு மூன்று மெய்யோடு முடிகின்றன. உங்கள் பாட்டைப் பதிவு செய்து அடிக்கடி கேளுங்கள். அந்தக் குட்டி உகரம் பாடும்போது காதுக்கு அகப்படாது, பதிவில் மாட்டிக்கொள்ளும். ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் வரும் ஒரு உயிரொலி நம்மிடம் இல்லை. 'ஈ' சொல்லிக்கொண்டே நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் 'ஊ'வுக்குக் குவியுங்கள், வந்துவிடும்.

ஐந்தாம் படி: கிரேடு தேர்வுகள்

டிரினிட்டி காலேஜ் லண்டன், ஏபிஆர்எஸ்எம் என்ற இரண்டு பிரிட்டிஷ் அமைப்புகளின் இசைத் தேர்வுகளும் இந்தியாவில் நடக்கின்றன. வீடியோ பதிவு அனுப்பியும் எழுதலாம். ஏபிஆர்எஸ்எம்மில் 6ஆம் கிரேடும் அதற்கு மேலும் எழுத 5ஆம் கிரேடு தியரியோ அதற்கு இணையானதோ முடித்திருக்க வேண்டும், டிரினிட்டியில் அந்தக் கட்டாயம் இல்லை. ஏபிஆர்எஸ்எம்மின் நேரடிப் பாட்டுத் தேர்வில் துணை வாத்தியம் இல்லாமல் ஒரு நாட்டார் பாடல் பாட வேண்டும். அங்கே நம் தாலாட்டைப் பாடுவதுதான் என் சிபாரிசு. வருடத்துக்கு ஒரு கிரேடு என்று சான்றிதழ் அடுக்க வேண்டாம். 8ஆம் கிரேடில் நல்ல மதிப்பெண் இருந்தாலும் கன்சர்வேட்டரிகள் கேட்பது குரலைத்தான்.

ஆறாம் படி: பிளஸ் டூ முடிந்தபின்

இரண்டு வழிகள். நேராக வெளிநாட்டில் இளங்கலை, அல்லது இங்கே ஒரு பட்டம் முடித்துக்கொண்டே சென்னையில் குரலைப் பழக்கி 21, 22 வயதில் முதுகலைக்குப் போவது. பணம் இடிக்கிற குடும்பங்களுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். பி.காம். படித்துவிட்டு ஓபரா பாடப் போவதில் வெட்கம் ஏதுமில்லை. குரலும் அதற்குள் கொஞ்சம் முதிர்ந்திருக்கும்.

பிரிட்டனுக்கு யூகாஸ் கன்சர்வேட்டரீஸ் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாக விண்ணப்பம். அடுத்த செப்டம்பரில் சேர, முந்தைய அக்டோபர் முதல் வாரத்திலேயே கடைசித் தேதி வந்துவிடும். நம் பிள்ளைகள் பிளஸ் டூ காலாண்டுத் தேர்வு எழுதிக்கொண்டிருக்கும்போது இதைத் தவறவிட்டுவிடுகிறார்கள். ராயல் அகாடமி, ராயல் காலேஜ், கில்டுஹால், மான்செஸ்டரின் ராயல் நார்தர்ன் ஆகியவை முக்கியமானவை. இவற்றில் கில்டுஹாலுக்கு மட்டும் யூகாஸ் வழியாக இல்லை, அந்தக் கல்லூரிக்கே நேரடியாக விண்ணப்பிக்க வேண்டும். கல்விக் கட்டணம் மிகப் பெரிது. உதவித்தொகை இல்லாமல் வீட்டை அடமானம் வைத்துப் போவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

ஜெர்மனி நம்மைப் போன்றவர்களுக்குத் தோதான நாடு. அரசு இசைக் கல்லூரிகள் பலவற்றில் கல்விக் கட்டணம் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு ஒரு செமஸ்டருக்கு 1500 யூரோ. ஸ்டுட்கார்ட், மான்ஹைம், ஃப்ரைபுர்க் எல்லாம் அந்த மாநிலத்தில்தான். மாணவர் விசாவுக்கு முடக்கப்பட்ட வங்கிக் கணக்கு (பிளாக்டு அக்கவுன்ட்) ஒன்றில் ஒரு வருடத்துக்கான வாழ்க்கைச் செலவைக் காட்ட வேண்டும், 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ. இந்திய மாணவர்கள் தங்கள் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழும் வாங்க வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். நுழைவுத் தேர்வு நேரில்தான், கடும் போட்டி. ஜெர்மன் மொழியும் கேட்பார்கள். ஆக, பத்தாம் வகுப்பு முடிந்ததுமே ஜெர்மன் படிக்கத் தொடங்குவது நல்லது. முதுகலைக்குப் போகிறவர்கள் ஜே.என். டாடா அறக்கட்டளையின் கடன் உதவித்தொகையையும் பார்க்கலாம்.

ஏழாம் படி: தேர்வுப் பதிவு

முதல் சுற்றுக்குப் பெரும்பாலும் வீடியோ கேட்பார்கள். கரோக்கி டிராக் வேண்டாம், ஆள் வாசிக்க வேண்டும். எதிரொலி சேர்ப்பது, சுருதி திருத்துவது எதுவும் கூடாது. ஒவ்வொரு பாட்டும் ஒரே டேக்கில் எடுத்ததாக, வெட்டு ஒட்டு இல்லாமல் இருக்கட்டும். ஃபோனை மூன்று மீட்டர் தள்ளி, மார்பு உயரத்தில் வையுங்கள். கிட்டே வைத்தால் உச்ச ஸ்வரத்தில் கிழியும். பாட்டுகள் மனப்பாடமாக இருக்க வேண்டும், வெவ்வேறு மொழிகளில், ஒன்று மெதுவாக, ஒன்று துடிப்பாக. பதிவு செய்யும் நாளில் தெருவில் கோயில் ஸ்பீக்கர் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். மாரியம்மன் பண்டிகையை மறந்து ஆடியில் நாள் குறித்து, ஒரு முழு நாளை வீணாக்கியவன் நான்.

எட்டாம் படி: பட்டத்துக்குப் பிறகு

இங்கிருந்துதான் உண்மையான தொழில். பெரிய ஓபரா மன்றங்களில் இளம் கலைஞர் திட்டங்கள் உண்டு. லண்டன் கோவென்ட் கார்டனில் ஜெட் பார்க்கர், நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஓபராவில் (சுருக்கமாக மெட்) லிண்டமன், மியூனிக்கிலும் ஜூரிச்சிலும் ஓபரா ஸ்டுடியோக்கள். சம்பளமோ உதவித்தொகையோ கொடுத்து, சின்ன வேடங்கள் பாட வைத்து, பெரிய வேடங்களுக்கு மாற்றாளாகத் தயாரிப்பார்கள். இலங்கை வம்சாவளியில் மெல்பர்னில் பிறந்த டேனியல் டி நீஸ், 19 வயதிலேயே மெட் மேடையில் பாடினார். அது அபூர்வம். பெரும்பாலானவர்கள் 25க்கு மேல்தான் இந்தக் கதவைத் தட்டுகிறார்கள். போட்டிகளில் ஓபராலியா, கார்டிஃப் சிங்கர் ஆஃப் தி வேர்ல்ட், நொயே ஷ்டிம்மன் ஆகியவை பெரியவை. பரிசு வராவிட்டாலும், நடுவர் வரிசையில் உட்கார்ந்திருக்கும் மன்ற நிர்வாகிகள் பார்ப்பார்கள்.

நம் நிறத்துக்கு என்ன வேடம் தருவார்கள் என்று பெற்றோர் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் இலங்கைப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த டெனார் ஷான் பணிக்கர், 'சத்யாக்ரஹா' என்ற ஓபராவில் காந்தியாகப் பாடினார், முழுக்க சமஸ்கிருத வரிகளில். அதோடு நில்லாமல் ஐரோப்பிய வேடங்களையும் பெரிய மன்றங்களில் பாடுகிறார். தொடங்குகிறவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது ஆங்கிலேய இசையமைப்பாளர் ஹோல்ஸ்டின் 'சாவித்ரி' ஓபரா. 1916இல் முதலில் மேடையேறியது, மூன்றே பாத்திரங்கள், அரை மணி நேரம், பன்னிரண்டு வாத்தியக்காரர்கள். எமனிடம் வாதாடுகிறவளை நம் பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஜெர்மனியில் அரசு நிதியில் நடக்கும் ஓபரா மன்றங்கள் சுமார் 80. பலவற்றில் பாடகர்களுக்கு நிரந்தரக் குழு வேலை உண்டு, மாதச் சம்பளம், காப்பீடு எல்லாம் சேர்த்து. 'ஃபெஸ்ட்' என்பார்கள். அங்கே பட்டம் முடித்த வெளிநாட்டவருக்கு வேலை தேட 18 மாதம் தங்க அனுமதி. பிரிட்டனில் இப்போது இரண்டு வருடம், 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம். ஏஜென்ட் கிடைக்காதவர்கள், ஜெர்மன் அரசின் வேலைவாய்ப்பு அமைப்பின் கலைஞர் பிரிவான ட்ஸாவுக்குப் பாடிக் காட்டலாம், கட்டணம் இல்லை. ஐந்து ஆரியாக்களைக் கையில் வைத்திருங்கள், வெவ்வேறு மொழி, வெவ்வேறு காலம். முதல் ஆரியாவை நீங்கள் தேர்ந்தெடுப்பீர்கள், இரண்டாவதை அவர்கள் கேட்பார்கள், பல சமயம் பாதியில் நிறுத்தி "நன்றி" என்பார்கள். அந்த நன்றிக்கு அர்த்தம் தேடிக்கொண்டு ரயில் ஏறாதீர்கள்.

குழு வேலை பெரும்பாலும் பருவ அளவில் ஒப்பந்தமாகும், ஆகஸ்டு வாக்கில் தொடங்கும். அடுத்த பருவத்துக்குப் புதுப்பிக்கப் போவதில்லை என்றால் மன்றம் அதை முந்தைய அக்டோபர் 31க்குள் எழுத்தில் சொல்லியாக வேண்டும். கடிதம் வராவிட்டால் ஒப்பந்தம் ஒரு வருடம் தானாக நீளும். அதனால் ஐப்பசியில் தீபாவளிக்கு ஊருக்கு வர டிக்கெட் போடுகிறவர்கள், ரத்து செய்யக்கூடிய டிக்கெட்டாகப் போடுங்கள்.